வேலுவின் தாடை

மலேசியாவின் கெலாங் பாத்தா பக்கம் இருப்பவர்களில் பிரவீனாவின் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. அங்குள்ள பெரிய பேரங்காடிக்குள் மாலையில் நுழைந்தால், மீன் பகுதியில் விலை குறைத்திருக்கிறார்கள் என்பதையும், வெள்ளைக் கார் ஒன்று வழியை மறித்து நிற்கிறது என்பதையும், சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று அம்மாவைத் தேடி அழுகிறது என்பதையும் அவள்தான் சொல்வாள். மலாயில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். தீபாவளி நெருங்கினால் தமிழிலும் சொல்வாள். பால் காய்ச்சி இறக்கியதும் எழும் மணம் போல மனசுக்கு இதமான குரல். ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. வாடிக்கையாளர் முகப்புக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்றில் உட்கார்ந்து பேசுவாள். முகப்பில் நிற்கும் வேலையைத்தான் முதலில் கொடுத்தார்கள். அந்த அறையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய கீழ்த்தாடை முன்னால் தள்ளி நின்றது. கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு வெளியே வந்து நின்றன. மேல்பற்கள் இடம் போதாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருந்தன. மீ கோரெங் நூடுல்ஸை முன்பல்லால் கடித்துத் துண்டாக்க அவளால் முடியாது. கடைவாய்ப் பக்கம் ஒதுக்கித்தான் மெல்லுவாள். சிரிப்பு வந்தால் சிரிப்புக்கு முன்னால் கை வந்துவிடும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். பிரவீனாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே வேஷம்தான். அசரீரி. திரைக்குப் பின்னால் நின்று, வானத்திலிருந்து பேசுகிற குரலாகப் பேச வேண்டும். கைதட்டல் விழும். அந்தக் கைதட்டலைத் துணி மடிப்புகளுக்கு நடுவே நின்று அவள் கேட்பாள். ஒரே ஒரு தரம் வெளிச்சத்துக்கு வந்து நின்று பேச வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேட்கத் துணிவு வரவில்லை. யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை.

தாடை அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா பெயர் வேலு. பெக்கான் நானாஸில் அன்னாசிப்பழ லோரி ஓட்டினார். பிரவீனாவைப் பார்த்த யாரும், "அப்படியே வேலுல்ல!" என்று சொல்லாமல் போனதில்லை. அவளுக்கு ஒன்பது வயதானபோது அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். முதலில் வாரம் ஒரு தடவை வந்தார், பிறகு மாதம் ஒரு தடவை. அப்புறம் வரவே இல்லை. தேடிப் போன சித்தப்பா தங்கராஜு, வேலு இருந்த இடத்தை விட்டு எப்போதோ மாறிவிட்டதாக வந்து சொன்னார். அன்றைக்கு அம்மா ராசம்மா வீட்டிலிருந்த புகைப்படங்களை எல்லாம் எடுத்துக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேலுவின் அடையாளம் என்று மிஞ்சியது பிரவீனாவின் முகத்தில் இருந்த அந்தத் தாடை மட்டும்தான்.

அம்மா சோறு போடும்போது அவள் முகத்தை நேராகப் பார்க்கமாட்டார். தட்டைப் பார்த்துப் பேசுவார், சுவரைப் பார்த்துப் பேசுவார். இந்தத் தாடை போய்விட்டால் அம்மா என்னைப் பார்ப்பார் என்று பிரவீனா நினைத்துக்கொள்வாள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, கடைக்கண்ணால் தன் முகத்தையே பார்ப்பாள். இப்படித்தானே அப்பா இருப்பார்? அந்தத் தாடை இல்லாமலும் இருக்க வேண்டும், அது தன்னிடமே இருக்கவும் வேண்டும். இரண்டு ஆசையும் அவளோடு சேர்ந்தே வளர்ந்தன.

நாற்பத்தோரு வயதில், தீபாவளிக்கு முன்னால், பேரங்காடி மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "கீழ்த்தளத்தில் கலைநிகழ்ச்சி இருக்கிறது, நீதான் மேடையில் நின்று நடத்த வேண்டும்" என்றார். முடியாது என்று வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கணவன் சுகுமாறன், சிங்கப்பூர் துவாஸில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்பியவன், கதவுக்கு வெளியே நின்றான்.

"என்ன பிரவீ, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பல்லுக்குக் கம்பி கட்டணுங்க. இந்த வயசுல கட்டலாமா?"

"கட்டலாமேலா. எங்க கம்பெனியில அம்பது வயசு அங்கிள் ஒருத்தர் கம்பி போட்டிருக்காரு. ஆனா நல்ல டாக்டரா பாக்கணும்."

நல்ல டாக்டரைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கூட வேலை பார்த்தவள் சொன்னாள் என்று கடைவரிசை மாடியிலிருந்த ஓர் அழகு நிலையத்துக்குப் போனாள். வண்ண வண்ண வளையம் கோத்த கம்பியைக் காட்டி, உட்காருங்கள், இன்றைக்கே ஒட்டிவிடலாம் என்றாள் அங்கிருந்த பெண். நகச்சாயம் பூசிய கையைக் கழுவாமலே கையுறையைத் தேடினாள். பிரவீனா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அது சட்டத்துக்குப் புறம்பான வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது ஒரு பேரங்காடி மாடியில் போட்டிருந்த கடை. பல்லில் இருப்பதே தெரியாத தெளிவான உறை, ஆறே மாதம், எக்ஸ்ரேகூட வேண்டாம் என்றான் விற்பனைக்காரப் பையன். கைப்பேசியில் அவள் பல்லைப் படம் எடுத்து, சீரான பல்லோடு அவள் எப்படி இருப்பாள் என்று திரையில் காட்டினான். திரையில் இருந்தவள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தும்விட்டாள். அப்போதுதான் சுகுமாறன் சொல்லி அனுப்பிய கேள்வி ஞாபகம் வந்தது.

"என் பல்ல எந்த டாக்டர் பாப்பாரு?"

"டாக்டர் ஆன்லைன்ல இருப்பாருக்கா. நீங்க நேர்ல பாக்க வேண்டியதே இல்ல."

பேனாவை வைத்துவிட்டாள்.

வழக்கமாகப் பல் சுத்தம் செய்யப் போகும் கிளினிக்கில் இருந்த மருத்துவர் ஜெயபாலன்தான் ஒளிக்காமல் சொன்னார். "கம்பி நானும் போடுவேன்மா. ஆனா உங்களுக்குப் பிரச்சன பல்லுல மட்டும் இல்ல, தாடையில. பல் சீரமைப்புக்குன்னே தனியா படிச்ச ஸ்பெஷலிஸ்ட்டப் பாருங்க. பல் மருத்துவ மன்றத்துப் பதிவுல அவங்க பேரு நிபுணர்னு இருக்கான்னு பாத்துட்டுப் போங்க."

அப்படித்தான் ஜோகூர் பாருவில் டாக்டர் நர்மதாவிடம் போய்ச் சேர்ந்தாள். பள்ளி விடுமுறை. எட்டு வயது மகள் லோஷினியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

டாக்டர் நர்மதா அவசரப்படவில்லை. எக்ஸ்ரே எடுத்தார், ஈறு ஒவ்வொன்றையும் ஊசி போன்ற கருவியால் தொட்டு அளந்தார். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் பிடித்தார்.

"மொதல்ல ஈறு வீக்கத்த சரி பண்ணணும், பிரவீனா. ஈறு கெட்டிருக்கும்போது பல்ல நகர்த்தினா ஆடிப் போயிரும். அதுக்கப்புறம் ரெண்டு வழி இருக்கு. தாடைய ஆபரேஷன் பண்ணிப் பின்னால தள்ளி, ஆபரேஷனுக்கு முன்னயும் பின்னயும் கம்பி போட்டுப் பல்லயும் சரி பண்ணலாம். முகமே மாறும். இல்லன்னா தாடைய அப்படியே விட்டுட்டு, கீழ ரெண்டு பல்ல எடுத்துட்டுக் கம்பியால வரிசைய உள்ள இழுக்கலாம். கடிக்கலாம், சிரிக்கலாம். ஆனா தாடை கொஞ்சம் முன்னாலதான் நிக்கும்."

"கம்பி தெரியாம போட முடியாதா, டாக்டர்?"

"பல் நிறத்துலயே இருக்கு. கழட்டி மாட்டுற உறையும் இருக்கு, ஆனா சாப்பிடுற நேரம் தவிர மத்த நேரம் பூரா போட்டிருக்கணும். உங்க பல்லு நகர வேண்டிய தூரத்துக்கு உலோகக் கம்பிதான் எனக்கு நம்பிக்க. எதப் போட்டாலும் ரெண்டு வருஷம் ஆகும். கழட்டின பிறகும் ராத்திரி தூங்கும்போது ரிட்டெய்னர்னு ஒரு உறை போட்டே ஆகணும். விட்டா பல்லு பழைய எடத்துக்கே போயிரும்."

பிரவீனா தயங்கிக் கேட்டாள். "நான் லேட்டா வந்துட்டேனா?"

"பல்லுக்கு வயசே கெடயாது. தாடைக்குத்தான் உண்டு. எட்டு ஒம்பது வயசுல வந்திருந்தா, வளர்ற எலும்பு, ஆபரேஷன் இல்லாமலே மேல்தாடைய முன்னால இழுத்திருக்கலாம்."

எட்டு, ஒன்பது வயது. அந்த வயதில் வீட்டில் அப்பா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை லோரியில் ஏற்றிக்கொண்டு கூக்குப் வரைக்கும் கடல் பார்க்கக் கூட்டிப்போனார். அவள் நினைவு அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் அவளைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த லோஷினியைப் பார்ப்பது தெரியாமல் போயிற்று.

"பாப்பா, இங்க வா. வாயத் தொற, பாப்போம்."

லோஷினியின் புதிதாக முளைத்த கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே நின்றன. பிரவீனாவுக்குத் தெரியாதது அல்ல. பால்பல் விழுந்து முளைக்கிற வயசு, தானாக மாறிவிடும் என்று பார்த்தும் பாராமலும் இருந்தாள். இப்போது டாக்டரின் சின்னக் கண்ணாடியில் அதைப் பார்த்தபோது தன் சின்ன வயது வாயையே பார்த்தாள்.

"இவளுக்கு இப்பவே ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர். "மேல ஒரு தகடு வச்சு விரிக்கணும். வீட்டுல இருக்கும்போதும் தூங்கும்போதும் முகத்துல ஒரு மாஸ்க் மாதிரி மாட்டி ரப்பர் போட்டு இழுக்கணும். நல்லா வரும்னு நம்புறேன். ஆனா உத்தரவாதம் தர மாட்டேன். வளர்ச்சி முடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும். பெரியவளானதும் திரும்ப ஆபரேஷன் தேவப்பட்டாலும் படலாம்."

உத்தரவாதம் தரமாட்டேன் என்று சொன்னதுதான் பிரவீனாவுக்குப் பிடித்தது. மகளுக்கு அங்கேயே சம்மதம் சொன்னாள். தனக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஆனால் மனசுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தாள். ஆபரேஷன்தான். அந்த முகமே வேண்டாம்.

சனிக்கிழமை பெக்கான் நானாஸுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். ராசம்மா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தாடைய வெட்டுவாங்களா?"

"வெட்டிப் பின்னால தள்ளி வச்சு ஸ்க்ரூ போடுவாங்களாம்மா. நெறைய பேரு பண்றாங்க. மூஞ்சி நல்லாயிரும். நீங்களும்..." சொல்ல வந்ததை முழுங்கினாள். பிறகு சொல்லியே விட்டாள். "நீங்களும் என் மூஞ்சப் பாத்துப் பேசலாம்."

ராசம்மா குழாயை மூடினார். ஈரக் கையோடு திரும்பி மகளைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"புடிக்காமலா பாக்காம இருந்தேன்? பாத்தா அழுதுருவேன்டி. சின்னப் புள்ள முன்னால எத்தன தடவ அழுறது?"

பிரவீனா தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"படத்தயெல்லாம் அன்னிக்கே கொளுத்திட்டேன். கொளுத்தின மறுநாளே கையப் பிசஞ்சுக்கிட்டு நின்னேன். அந்த மனுஷன் மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டே வருது. கண்ணு ஞாபகம் இல்ல, மூக்கு ஞாபகம் இல்ல. நீ வந்து வாசல்ல நிக்கிறப்பதான், ஆங், இப்படித்தான்னு..." முந்தானையால் கையைத் துடைத்தார். "அவரு சிரிச்சா அடுத்த வீட்டுக்குக் கேக்கும். ஒரு நாளும் வாயப் பொத்தினதில்ல. நீ ஏன்டி பொத்துற?"

பிரவீனா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பா வாயைத் திறந்து சிரித்ததை அவள் அடியோடு மறந்திருந்தாள். இப்போது லோரியின் இன்ஜின் சத்தத்துக்கு மேலே அது கேட்டது.

"உன் மூஞ்சி, உன் இஷ்டம்" என்றார் ராசம்மா கடைசியில். "நான் சொன்னேன்னு எதயும் நிறுத்தாத. வெட்டணும்னா வெட்டிக்க. நான் வந்து ஆஸ்பத்திரியில இருக்கேன்."

ஒரு மாதம் யோசித்தாள் பிரவீனா. டாக்டரிடம் மறுபடி போய், ஆபரேஷன் செய்யாவிட்டால் பின்னால் ஏதாவது கெடுதல் வருமா என்று கேட்டாள். சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும் கம்பியே போதும், மற்றது முகத்தைப் பொறுத்த விருப்பம்தான் என்றார் அவர். "அப்ப தாடை இருக்கட்டும், டாக்டர்" என்றாள்.

முதலில் சிரமப்பட்டது லோஷினிதான். நெற்றியிலும் மோவாயிலும் பட்டை, நடுவில் கம்பி, அதில் ரப்பர். "நான் ரோபோ மாதிரி இருக்கேன், போட மாட்டேன்" என்று அழுதாள். அன்று வேலைவிட்டு வந்த சுகுமாறன் தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. அப்படியே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டுத் தோசை தின்றான். வாரக் கணக்கில் அவன் அப்படித்தான் சாப்பிட்டான். ஒரு நாள் லோஷினியே, "போதும்பா, உங்களுக்கு வேர்க்குது" என்று கழற்றச் சொன்னாள்.

அடுத்த தீபாவளிக்குப் பிரவீனா கம்பியோடுதான் மேடை ஏறினாள். சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 'ஸ' வரும் இடமெல்லாம் கம்பியில் காற்று சீறியது. கைதட்டினார்கள். தட்டுகிற கைகளையும் தட்டுகிறவர்களின் முகங்களையும் பார்க்க முடிந்தது. அவ்வளவு காலமும் இதற்காகவா ஏங்கினோம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாம், இதற்காகத்தான் என்று மறுகணம் தோன்றியது.

ஒரு வருஷத்துக்குள் லோஷினியின் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. மகளின் முகம் மாதத்துக்கு மாதம் சுகுமாறனின் சாயலுக்குப் போனது. பிரவீனாவுக்கு அது பெரிய நிம்மதி. மகள் தூங்கும்போது அந்தச் சின்ன மோவாயைத் தடவிப் பார்ப்பாள். தனக்குப் பிறகு இந்த வீட்டில் யாரையும் 'அப்படியே வேலு' என்று சொல்லமாட்டார்கள் என்ற நினைப்பும் வரும். நிம்மதிக்குப் பக்கத்திலேயே அது ஒரு முள்ளாக உட்கார்ந்திருக்கும்.

பிரவீனாவுக்குக் கம்பி எடுத்த மாதம், மூவரும் சிங்கப்பூருக்குப் போனார்கள். பேருந்தில் எதிர் இருக்கையில் ஒரு முதியவர். செய்தித்தாளால் பாதி முகத்தை மறைத்திருந்தார். தாளுக்குக் கீழே தெரிந்த தாடை முன்னால் தள்ளி நின்றது. பிரவீனாவின் கை சுகுமாறனின் முழங்கையை இறுகப் பிடித்தது. இருந்தால் அப்பாவுக்கு எழுபது இருக்கும்.

முதியவர் தாளை மடித்தார். சீனர். அவளுடைய பார்வையைக் கண்டு, என்ன என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். பிரவீனா சிரித்தாள். அவரும் சிரித்தார், கீழ்ப்பற்கள் அத்தனையும் தெரிய, எதையும் மறைக்காமல்.

"தெரிஞ்சவங்களா மா?" என்று லோஷினி கேட்டாள்.

"இல்லமா" என்றாள் பிரவீனா. ஆனால் அவர் இறங்குகிறவரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிய பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, நடைபாதைக் கூட்டத்தில் அவர் தலை மறைகிறவரைக்கும் பார்த்தாள்.