புஸ்வாணமும் கம்பளி வட்டமும்

என் வீட்டுக்காரர் தையற்காரர். ஊசியில் நூல் கோர்க்கவே கண்ணாடியைத் தேடுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையானால் குழாயின் வாய்வழியாக வெடிமருந்து போடும் பழங்காலத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு துப்பாக்கி சுடும் சங்கத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே அவருக்குப் பேர் புஸ்வாணம். சும்மா வைக்கவில்லை அந்தப் பேரை.

அந்தத் துப்பாக்கிக்குள் முதலில் கரிமருந்து. அதற்குமேல், கொழுப்பு தடவிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து, கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். வழுக்கி இறங்கத் துளிக் கொழுப்புப் போதும். இவருக்குத்தான் எதிலும் தாராளக் கையாயிற்றே! என் வாணலியில் கொழுப்பும் மெழுகும் உருக்கி, சொட்டச் சொட்ட நனைப்பார். வீடே நாறும். அந்தப் பிசுக்கு மருந்தில் ஊறி, விசையை இழுத்தால் 'புஸ்'. போன மாதம் மட்டும் மூன்று தடவை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அணியில இருந்து எடுத்துடுவேண்ணே. டீ மேஜையைப் பார்த்துக்கங்க," என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். அன்றைக்கு இவர் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம்.

நான் பேக்கரியில் பெட்டி கட்டுகிறவள். கேக்குக்கு அடியில் தாள் வைக்காவிட்டால் அட்டை ஊறிப்போகும் என்று தெரியாதா எனக்கு?

"மருந்துக்கும் துணிக்கும் நடுவுல காய்ஞ்சதா எதையாவது வைங்களேன்."

"வந்துட்டா பெரிய மேதை! உன் வேலையைப் பாரு."

கோட்டுத் தோளுக்கு வைக்கும் தடித்த கம்பளியில், துப்பாக்கி வாயளவுக்கு இருபது வட்டம் வெட்டி அவர் பையில் போட்டேன்.

போட்டியன்று எல்லாரும் குண்டு போட்டு நின்ற நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு மாடு இலக்குப் பலகைப் பக்கம் வந்துவிட்டது. துப்பாக்கிகளை அப்படியே தாங்கியில் சாய்த்துவிட்டு விரட்டப் போனார்கள். அது அசைந்தால்தானே! முக்கால் மணி நேரம், உச்சி வெயில், குழாயெல்லாம் கொதிக்கிறது; உள்ளே கொழுப்பு உருகி மருந்தில் இறங்காமலா இருக்கும்?

மாடு போனதும் முதல் ஆள் விசையை இழுத்தார். புஸ். அடுத்தவர், புஸ். மூன்றாவது இவர். வட்டத்தை வைத்தாரா, குப்பையில் போட்டாரா, ஒன்றும் தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

'டமார்!' பலகையின் நடுவிலேயே ஓட்டை.

"அண்ணே, அணியில உங்க இடம் உங்களுக்குத்தான்! என்ன பண்ணீங்க?" செயலாளர் ஓடிவந்தார்.

தன் மூளை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இவர் கையை நீட்டி என்னைக் காட்டினார். "அவகிட்ட கேளுங்க. எல்லாம் அவ யோசனை."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், நாலு பேர் முன்னால் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படிக்கா தோணுச்சு?" என்றார் செயலாளர்.

நான் இவரைத்தான் பார்த்தேன். "நான் எங்க யோசிச்சேன்? என் வேலையைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.