தோள் மாறிய துண்டு

போன தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த சித்திரை மாதம். உளுந்து பறித்து முடித்து, வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்த நேரம். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே நான் மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. காலையில் குளித்துத் திருநீறு இட்டு, பிள்ளையாரைச் சுற்றி வந்துதான் மில் கதவைத் திறப்பேன். சாயங்காலம் ஐந்து மணியானால் அதே பக்தியோடு பூப்பந்து ஆடப் போய்விடுவேன். இந்த இரண்டு பழக்கத்தையும் என் மனைவியால் இன்றுவரை மாற்ற முடியவில்லை.

பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து. நடுவில் வலை, கையில் மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். எங்கள் பக்கம் பின்னால் நிற்கும் இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இன்னொருவர் டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவர். எனக்குத் தம்பி வயது. இருவரும் எதிரெதிர்க் கட்சி. சும்மா ஓட்டுப் போடுகிற கட்சிக்காரர்கள் இல்லை. ஆளுக்கொரு கட்சிக் கிளைக்குச் செயலாளர்கள். தோளில் எப்போதும் அவரவர் கட்சித் துண்டு. நிறத்தைச் சொன்னால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும், அது வேண்டாம்.

எங்கள் கோர்ட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கட்சித் துண்டோடு யாரும் கோட்டுக்குள் இறங்கக் கூடாது. வாய்க்கால் ஓரத்துப் பூவரச மரத்தில் தாழ்வாக ஒரு கிளை இருக்கிறது. துண்டை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பல வருடங்களாக அந்த இரண்டு துண்டும் ஒரே கிளையில்தான் தொங்கும். ஆட்டம் முடிந்து அதை எடுத்துத் தோளில் போட்டதும் டீக்கடையில் விவாதம் ஆரம்பமாகும். அதில் கோபம் இருக்கும், ஆனால் விரோதம் இருந்தது இல்லை.

வாட்ஸ்அப் வந்து அதைக் கெடுத்தது. எங்கள் ஆட்டக்காரர்கள் குழுவில் உரக்கடை அண்ணன் ஒரு கேலிப் படத்தை அனுப்பினார். எதிர்க் கட்சித் தலைவரின் முகத்தை எதனுடைய உடம்பிலோ ஒட்டிய படம். டிராக்டர் தம்பி அதைவிட மோசமாக ஒன்றைத் திருப்பி அனுப்பினார். பிறகு படம் போய் வார்த்தை வந்தது. வார்த்தை தடித்து வீட்டுக் கதை வரை போனது. அன்றோடு இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆட வருவதை மட்டும் இருவரும் நிறுத்தவில்லை. துண்டையும் அதே கிளையில்தான் போட்டார்கள், ஆனால் ஒன்று இந்தக் கோடி, ஒன்று அந்தக் கோடி. பூப்பந்தில் பின்னால் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தே ஆகவேண்டும். "எனக்கு" என்றோ "விடு" என்றோ சொல்லாவிட்டால் பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழும். விழுந்தது. தினமும் விழுந்தது. எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து, அந்த நடு இடத்துக்கே அடிக்க ஆரம்பித்தார்கள்.

"மில்லுக்காரரே, அது அவரு பந்துன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்பார் தம்பி.

"அவன் பந்துன்னு அவனுக்குத் தெரியலையாமா? கேட்டுச் சொல்லு" என்பார் அண்ணன்.

முன்னால் நிற்கிற நான் திரும்பித் திரும்பித் தூது சொல்வேன். அதற்குள் அடுத்த பந்து என் காதை உரசிக்கொண்டு போகும். அந்த நாளில் பிள்ளையாரிடம் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது. இந்த இரண்டு பேரையும் பேச வைத்துவிடு அப்பனே, சிதறுகாய் உடைக்கிறேன் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உரக்கடை அண்ணனின் கட்சித் தலைவர் பக்கத்து டவுனுக்குப் பிரசாரத்துக்கு வருகிறார். அண்ணன் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்புவதாக இருந்தார். பாதி ஆட்டத்தில் எனக்கு இடது தோள் கனத்தது. மட்டையை மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போல் இருந்தது. வேர்வை ஆறாக ஓடியது. வலைக் கம்பத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள். தலைவர் வருவதால் டவுனில் வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன, ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்றார்கள். கார் பிடித்தாலும் அதே கதிதான். பைக் என்றால் சந்தில் நுழைந்து போய்விடலாம். டிராக்டர் தம்பி ஓடிப்போய்ப் பூவரசங்கிளையிலிருந்து துண்டை இழுத்தார். ஆடும் டிரவுசரில் பாக்கெட் இல்லாததால் பைக் சாவியை அவர் துண்டு நுனியில்தான் முடிந்து வைப்பார். சாவியை அவிழ்த்துக்கொண்டு துண்டைக் கழுத்தில் போட்டார். உரக்கடை அண்ணன் தன் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டார். என்னை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஏறிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

அப்போதும் அவர்கள் பேசவில்லை.

"அண்ணே, சாயாமப் புடிச்சுக்கச் சொல்லுங்க" என்று தம்பி என்னிடம் சொல்கிறார்.

"பள்ளத்தப் பாத்து ஓட்டச் சொல்லு" என்று அண்ணன் என் காதில் சொல்கிறார்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனிடம் தூது! சிரிக்கவும் முடியவில்லை. கண்ணை மூடி விநாயகா, விநாயகா என்று சொல்லிக்கொண்டே போனேன்.

டவுன் எல்லையில் வண்டி நின்றுவிட்டது. சாலை முழுக்க ஊர்வலம். தாரை தப்பட்டை, ஒலிபெருக்கி, வேன் வேனாக வந்து இறங்கிய வெளியூர்க் கூட்டம். ஆஸ்பத்திரி அந்தக் கடைத்தெருவின் அடுத்த முனையில் இருக்கிறது. தம்பி ஹாரன் அடித்தார். சில இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் நான் படவில்லை. தம்பியின் கழுத்தில் கிடந்த துண்டுதான் பட்டது.

"யோவ், எங்க தலைவர் வர்ற நேரத்துல அந்தத் துண்டப் போட்டுக்கிட்டு வம்புக்கு வர்றியா? திருப்புய்யா வண்டிய!"

ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். பின்னாலிருந்து உரக்கடை அண்ணன், "நான் நம்ம கட்சிதான்யா, கிளைச் செயலாளர்யா, ஆளுக்கு நெஞ்சுவலிய்யா" என்று கத்துகிறார். தப்பட்டைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. விழுந்தாலும் வெளியூர்க்காரர்களுக்கு அவரை எப்படித் தெரியும்? நான் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தேன்.

அப்போதுதான் தம்பி கழுத்தைத் திருப்பினார். பல வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து உரக்கடை அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை வந்தது.

"அண்ணே! உங்க துண்ட எங்கழுத்துல போடுங்க. என் துண்டால இவர என்னோட சேத்துக் கட்டுங்க."

அண்ணன் ஒரு நொடி திகைத்தது எனக்கே தெரிந்தது. அவர் கை என் மார்பின் மேல் இறுகித் தளர்ந்தது. பிறகு தம்பி சொன்னபடியே செய்தார். தன் கட்சித் துண்டை அவர் கழுத்தில் போட்டார். அவருடைய துண்டை உருவி, என் இடுப்பையும் அவர் இடுப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். தம்பி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, யார் பெயரைச் சொன்னால் வாயைக் கொப்பளிப்பேன் என்று சொல்லுவாரோ அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லி, "வாழ்க! வாழ்க!" என்று தொண்டை கிழியக் கோஷம் போட்டார்.

கூட்டம் வழிவிட்டது. அந்த இளைஞர்களே முன்னால் ஓடி, "வழி விடுங்க, நம்ம ஆளு" என்று விலக்கினார்கள். பலர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் முடிச்சை அவிழ்த்து என்னை இறக்கிய நர்ஸம்மா, இடுப்பில் ஒரு கட்சி, வண்டி ஓட்டியவர் கழுத்தில் ஒரு கட்சி என்று பார்த்துவிட்டு, "பேஷண்ட் எந்தக் கட்சிங்க?" என்று கேட்டாராம். எனக்கு அது நினைவில்லை. ரத்தக்குழாயில் அடைப்பு, ஊசி போட்டுக் கரைத்தோம், இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று மறுநாள் டாக்டர் சொன்னார். என் மனைவி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கதை அதோடு முடியவில்லை. நான் படுக்கையில் கிடந்தபோது ஊரில் வேறொன்று நடந்தது. தம்பி அந்தத் துண்டோடு கோஷம் போட்ட வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. 'எதிர்முகாம் கிளைச் செயலாளர் நம் பக்கம் வந்தார்' என்று அண்ணனின் கட்சி இளைஞர்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள். வீடியோவில் பின்னால் சரிந்து கிடக்கும் என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். பணத்துக்கு விலைபோனான் என்று தம்பியின் கட்சியிலேயே பேச்சு. ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் அவர்தான் ஏஜென்டாக உட்காருவார். இந்த முறை நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தினமும் என்னைப் பார்க்க வந்த தம்பி இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. என் மனைவிதான் அவர் வீட்டம்மாவிடம் கேட்டுவந்து சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அவர் வந்ததும், "உள்ளதச் சொல்ல வேண்டியதுதானே தம்பி" என்றேன்.

"அவனுங்க நம்பணும்னா வேற யாராச்சும் சொல்லணும்ணே. நானே சொன்னா கதைம்பானுங்க. நீங்க ஒடம்பப் பாருங்க" என்று ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார். சின்ன வயதிலிருந்து சுவரில் சின்னம் வரைந்து, போஸ்டர் ஒட்டி வளர்ந்த மனிதர். கட்சிதான் அவருக்கு இன்னொரு வீடு. அந்த வீட்டில் அவரை உள்ளே விடவில்லை.

இந்த விஷயம் உரக்கடை அண்ணன் காதுக்குப் போனது. அவர் பேசாமல் இருந்திருந்தால் அவர் கட்சிக்கு லாபம். எதிர்க்கட்சிச் செயலாளரே வந்துவிட்டார் என்றால் சும்மாவா? ஆனால் அவர் முதலில் தன் கட்சி இளைஞர்களைக் கூப்பிட்டு அந்த வீடியோவை நீக்கச் சொன்னார். நீக்கினார்கள், மனசில்லாமல். அதற்குப் பிறகு, பட்டப்பகலில், தன் கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நேராகத் தம்பியின் கட்சித் தேர்தல் பணிமனைக்குப் போனார். கீற்றுப் பந்தலுக்குள் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அங்கே இருந்த எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னது இது.

"என்னண்ணே, சேர வந்துட்டீங்களா? மாலை வாங்கி வரட்டுமா?" என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார்.

"சேர வரலப்பா. உங்க ஆள உங்ககிட்டயே வச்சுக்கங்கன்னு சொல்ல வந்தேன்" என்றாராம் அண்ணன். நடந்ததை முழுவதும் சொன்னார். துண்டைப் போட்டது என் கை, அவன் கை இல்லை என்றார். "அவன் எங்க கட்சிக்கு வந்தா எங்களுக்குத்தான் நட்டம். வாசல்லயே நின்னு எங்களோட சண்டை போடுவான். அவ்வளவு பிடிவாதம் அவனுக்கு உங்க கட்சி மேல" என்று முடித்தாராம். பந்தலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அங்கிருந்த பெரியவர் எழுந்து அண்ணனுக்கு டீ கொடுக்கச் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு, உங்களுக்கு ஓட்டுக் கேட்க மாட்டேன், அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஓட்டுப் பதிவு நாளன்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாக்குச்சாவடி அறைக்குள் ஏஜென்டுகள் பெஞ்சு. ஒரு முனையில் உரக்கடை அண்ணன், ஒட்டினாற்போல் டிராக்டர் தம்பி. இருவர் தோளும் வெறுமையாக இருந்தது. வாக்குச்சாவடிக்குள்ளும் கட்சித் துண்டு கூடாதல்லவா? எங்கள் கோர்ட் சட்டத்தை அரசாங்கமும் வைத்திருக்கிறது! என்னைப் பார்த்ததும் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். அதிகாரி, "ஏஜென்ட் சார், உக்காருங்க" என்று அதட்டினார். "நிழல்ல வந்தீங்களா, வெயில்லயா?" என்று தம்பி கேட்டதற்கு இன்னொரு அதட்டு விழுந்தது. நான் யாருக்குப் போட்டேன் என்பது எனக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.

முடிவு வந்தது. ஒருவர் கட்சி ஜெயித்தது, ஒருவர் கட்சி தோற்றது. தோற்ற பக்கம் டீ வாங்கித் தரவேண்டும் என்பது எங்கள் ஆட்ட வழக்கம். அன்று தோற்றவர் தானாகவே எல்லோருக்கும் டீ சொன்னார். ஜெயித்தவர் அன்று மட்டும் அரசியல் பேசவில்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டார் என்பது வேறு விஷயம். இருவரும் கருத்தில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. குழுவில் கேலிப் படங்களும் நிற்கவில்லை. வாதம் முற்றினால் அண்ணன், "டேய், நீ வாழ்க சொன்னவன்தானே?" என்பார். "சொல்ல வச்சது யாரு, உங்க கூட்டம் வழி விட்டுச்சா?" என்பார் தம்பி. ஆனால் வார்த்தை முன்பு போல் வீட்டுக் கதை வரை போவதில்லை.

பிள்ளையாருக்குச் சொன்னபடி சிதறுகாய் உடைத்தேன். இரண்டு பேரையும் சேர்த்து வைக்க என் நெஞ்சை அடைத்துத்தான் ஆகவேண்டுமா அப்பனே என்று உரிமையோடு கேட்டும்விட்டேன்.

டாக்டர் இனி ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது நான் பூவரச நிழலில் நாற்காலி போட்டுப் புள்ளி சொல்கிறவன். பின்னால் பந்து உயர்ந்து வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் "எனக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடி மோதிக்கொள்கிறார்கள். பந்து இப்போதும் நடுவில்தான் விழுகிறது. என் தலைக்கு மேலே கிளையில் இரண்டு துண்டும் அருகருகே வாய்க்கால் காற்றில் ஆடுகின்றன. அவற்றை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், ஒன்று என்னை விழாமல் கட்டிப் பிடித்தது, ஒன்று எனக்கு வழி வாங்கித் தந்தது, இதில் எது என் கட்சி என்று நான் எப்படிச் சொல்வேன் என்று நினைத்து, இரண்டுக்கும் சேர்த்தே கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.