பாலம் ஏறி வரும் நேரம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். அண்ணன் எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவான் என்று அம்மாவுக்குச் சொல்லும். இதற்காகவா ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவள்தான்.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். அவர் போனபிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தோம். அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடியும் நேரம் என்று ஒன்று அங்கே பேருக்குத்தான் இருந்தது. வீட்டில் போன் கிடையாது. அம்மாவுக்கோ, அவன் வந்து உட்காரும்போது தட்டில் சோறு ஆவி பறக்க வேண்டும். அப்பாவுக்கு அப்படித்தான் போட்டுப் பழக்கம். அதனால் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் அடுப்புக்கும் வாசலுக்கும் நடையாய் நடப்பாள். "இன்னும் காணோமே, இன்னும் காணோமே" என்று அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் படிப்பு ஓடாது.

கம்பெனியில் கழித்துக்கட்டிய பழைய மெஷின் ஒன்றை அண்ணன் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். அவனுக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள ஆசை. நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர கம்பைலர் என்று ஒன்று வேண்டுமாம். கடையில் அதற்கு யானை விலை சொன்னார்கள். பிறகு அவனுடைய சிநேகிதன் ஒருவன் பிஸ்கட் டப்பா நிறைய பிளாப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்தான். சும்மா.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சும்மா குடுக்கிறான்னா எதுக்குடா குடுக்கிறான்?"

"அது அப்டித்தாம்மா. செஞ்சவங்களே எழுதி வச்சிகீறாங்க. யாரு வேணா எடுத்துக்கலாம், தொறந்து பாக்கலாம், உள்ள எத வேணா மாத்தலாம்."

"எத வேணாவா?"

"எத வேணா."

அம்மா அதை நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் அதை மெஷினில் ஏற்றினான். பிளாப்பிகளில் எல்லாம் சுருக்கிக் கட்டி வைத்திருந்தது. பிரிக்கும்போது, 'எது எந்த அறையில் இருந்ததோ அந்த அறையிலேயே வை' என்று மெஷினுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அண்ணன் அதைச் சொல்லவில்லை. மளிகைச் சாமான் அத்தனையையும் ஒரே டப்பாவில் கொட்டிய கதையாக நூற்றுக்கணக்கான ஃபைல்கள் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. கம்பைலர் எதைத் தேடினாலும் கிடைக்கவில்லை என்றது. தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்து, மறுபடி முதல் பிளாப்பியிலிருந்து ஆரம்பித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி வேடிக்கை பார்த்தேன்.

"இது கரெக்டா எழுதினா ஒண்ணும் பேசாது. தப்பு இருந்தாத்தான் வாயத் தொறக்கும். அப்டியே நம்ப அம்மா" என்றான். அடுக்களையிலிருந்து கரண்டி வந்து விழுந்தது.

அவன் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம்தான் அம்மாவுக்கானது. எஸ்டேட் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஆவடி வரும் சாயங்கால வண்டிகளின் நேரத்தை அதில் போட்டான். மெஷினைப் போட்டதும் அதுவே வந்து நிற்கும். அம்மா என்டரைத் தட்டினால், மெஷின் தன் கடிகாரத்தைப் பார்த்து, இனி அவன் பிடிக்கக்கூடிய வண்டி எது, வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவான் என்று கணக்குப் போடும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். அதனால் நட்சத்திரப் புள்ளிகளை அடுக்கித் திரை முழுக்கப் பெரிதாக எண் வரும்படி செய்தான். அந்த நேரம் தாண்டியும் அவன் வரவில்லையென்றால் மறுபடி தட்டலாம். அடுத்த வண்டியின் நேரம் வரும்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் நேரத்தைப் போடும்போதுதான் தகராறு. பிளாட்பாரக் கோடியில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டினால் எங்கள் தெரு மூன்று நிமிஷம். பாலம் ஏறி இறங்கிச் சுற்றி வந்தால் பத்து. அம்மா பத்துப் போடச் சொன்னாள்.

"பாலம் ஏறி எவன்மா வரான்? நீயே மார்க்கெட்டுக்குக் குறுக்கால தானே போற?"

"நான் போறேன். நீ பாலத்து மேல வா."

"பொய் சொல்ற புரோகிராம் எதுக்கு? நான் இன்னா செய்றேனோ அதத்தான் அது சொல்லணும்." மூன்று என்றே போட்டான். அம்மா அன்று காலையில்தான் கூடையோடு குறுக்கே போய்வந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் போவோம், வருவோம்.

புரோகிராம் முடிந்ததும் கம்பைலரை அழித்துவிட்டான். மெஷினில் இடம் குறைவு. "அப்புறம் எப்படி ஓடும்?" என்று கேட்டேன். "சோறு வெந்தாச்சு, இனிமே அடுப்பு எதுக்கு? வேற சமைக்கணும்னாதான் அடுப்பு வேணும்" என்றான். பிளாப்பி டப்பா பீரோவுக்கு மேலே போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நிம்மதி வந்தது. அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து என்டரைத் தட்டுவாள், எண்ணைப் பார்ப்பாள், அரிசியைக் களைவாள். அந்த ஒரு விசையில் மட்டும் மஞ்சள் கறை ஏறிவிட்டது. செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்போது சோறு வடித்து நிமிர்த்தியிருக்கும். தெருப் பெண்கள் வந்து பார்த்து வியந்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கும் எண் வந்தது. அம்மா அரிசியைப் போட்டாள். வண்டியும் அதன் நேரத்துக்குச் சரியாக வந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி நின்றிருக்கிறது. அதைச் சுற்றிக் குறுக்கே வந்த அண்ணனுக்கு, அடுத்த தண்டவாளத்தில் வந்த எக்ஸ்பிரஸ் தெரியவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, இப்போதும் எழுதப் போவதில்லை. சோறு அடுப்பிலேயே குழைந்து போயிருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "பாலம் ஏறி வந்திருக்கக் கூடாதா" என்றார்கள். சொல்லிவிட்டு, திரும்பிப் போகும்போது குறுக்கே இறங்கித்தான் போனார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அண்ணன் மேலும்தான். ஏழு நிமிஷத்தை மிச்சம் பிடித்து என்ன கண்டான்?

காரியம் முடியும்வரை மெஷின் போர்வைக்குள் கிடந்தது. பிறகு ஒரு சாயங்காலம் அம்மா போர்வையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். என்டரைத் தட்டினாள். எண் வந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் போனதும் மறுபடி தட்டினாள். இப்படிக் கடைசி வண்டிவரை. மறுநாளும், அதற்கடுத்த நாளும். என்னால் தாங்க முடியவில்லை. "இந்தச் சனியனை எடைக்குப் போட்டுடறேன்" என்று ஒருநாள் கத்தினேன்.

அம்மா மறுபடி ஒருமுறை தட்டிவிட்டுக் கேட்டாள். "இதுல எத வேணா மாத்தலாம்னு அவன் சொன்னானே. அந்த நடக்கிற நேரத்த மாத்துவியா? பாலத்து மேல ஏறி வர்ற மாரி."

"மாத்தினா அண்ணன் வந்துடுமா?"

"வரமாட்டான்னு எனக்குத் தெரியாதாடி?" அம்மா திரையைக் காட்டினாள். "தெனிக்கும் இது அவன அதே தண்டவாளத்துலதான் எறக்கி உடுது. நானே பட்டன அமுக்கி எறக்கி உடுறேன்."

தட்டாமல் இருந்தால் போயிற்று என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் தட்டாவிட்டால் அவன் வருவதே நின்றுவிடும் அல்லவா.

எண்ணை மாற்றுவது எனக்கும் தெரியும். அண்ணன் எழுதிய வரிகள் மெஷினிலேயே இருந்தன. ஆனால் வரியை மாற்றினால் போதாது, அதை மறுபடி சமைக்க அடுப்பு வேண்டும். பீரோ மேலிருந்து டப்பாவை இறக்கினேன். பிளாப்பிகளைப் போட்டேன். ஒன்று கரகரவென்று சத்தம் போட்டதே தவிரப் படிக்கவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் பூஞ்சை.

மறுநாள் கல்லூரி விட்டதும் அம்பத்தூர் போய் அண்ணனின் சிநேகிதனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"இப்போ எதுக்குமா அதெல்லாம்? நெஞ்சு தாங்குமா?"

"அம்மா கேக்குதுண்ணா."

வேறொன்றும் கேட்காமல் புதுப் பிளாப்பியில் நகல் எடுத்துத் தந்தார். காசு எவ்வளவு என்றேன். "இதுக்கு யாருகிட்டயும் துட்டு வாங்கக் கூடாதுமா, உங்க அண்ணன்கிட்ட நான் இன்னா வாங்கினேன்?" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எல்லாப் பிளாப்பிகளும் ஏறின. கம்பைலரைக் கூப்பிட்டால் எதுவும் கிடைக்கவில்லை என்றது. பார்த்தால், நூற்றுக்கணக்கான ஃபைல்கள் ஒரே இடத்தில் கொட்டிக் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் நான் அதே தப்பைச் செய்திருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. யாரிடமோ சொல்லத் திரும்பினேன். கேட்க வேண்டியவன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அம்மா வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்து, எல்லாவற்றையும் அழித்து, முதல் பிளாப்பியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அவனுடைய வரிகளைத் திறந்தேன். 'நடை' என்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்து, எதிரே மூன்று போட்டிருந்தான். அதை எடுத்துவிட்டுப் பத்துப் போட்டேன். கம்பைலரிடம் கொடுத்தேன். மெஷின் கொஞ்ச நேரம் உறுமியது. திரையில் ஒரு வார்த்தையும் வரவில்லை. சரியாக இருந்தால் அது பேசாது.

அம்மாவைக் கூப்பிட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என்டரைத் தட்டினாள். நட்சத்திரங்கள் அடுக்கி வந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள். வழக்கமாக வருவதைவிட ஏழு நிமிஷம் கூட. தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குப் போய் அரிசியைக் களைந்தாள்.

வண்டி வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அத்தனை நாளும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அன்றைக்கு மூடவில்லை. "படி ஏறிக்கினு இருப்பான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எறங்கிட்டிருப்பான்" என்றாள். சோற்றை வடித்துச் சாய்த்து வைத்தாள். வாசல் பக்கம் பார்த்தபடி நின்றாள். நானும் நின்றேன்.

எண் காட்டிய நேரம் வந்தது. அம்மா மெஷினிடம் போனாள். அடுத்த வண்டிக்காகத் தட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, போர்வையை எடுத்து மூடினாள். பிறகு எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். ஆவி பறந்தது.