ஐந்து துண்டுச் சாவி

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன். பெங்களூரில் சர்வர் அறைகளில் கேபிள் இழுத்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. திருவண்ணாமலைக்கு வந்தபோது, வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. முதலாளி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து சொந்த ஊரில் ஆரம்பித்தது. அவரையும் சேர்த்து ஐந்து பேர். ஏழு லாட்ஜுகளின் அறைப் பதிவு எங்கள் மென்பொருளில்தான் நடந்தது. அதுதான் எங்கள் சோறு.

பாஸ்வேர்டுகள் எல்லாம் ஓர் எக்செல் தாளில் கிடந்தன. அவற்றைப் பத்திரமாக வைக்கும் மென்பொருள்களை ஒப்பிட்டு ஒன்றைச் சொல்லும்படி முதலாளி கேட்டார். என் ஆங்கிலம் மெதுவானது, ஆனால் கடைசிப் பக்கம் வரை படிப்பேன். மூன்றை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, கிளவுட் கம்பெனி வாடகைக்குத் தருவது. தொல்லை இல்லை, ஆனால் நெட் போனால் கை கட்டி உட்கார வேண்டும். இன்னொன்று, பாஸ்வேர்டுகளைப் பூட்டிய கோப்பாக நிரலோடேயே வைப்பது. எளிது, ஆனால் ஒரே சாவி. மூன்றாவது எங்கள் கணினியிலேயே இருக்கும் பெட்டகம். யார் எதை எடுத்தார் என்று குறித்துக்கொள்ளும். கணினி நின்று மறுபடி கிளம்பினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்கும் சாவி ஒரு நீளமான எழுத்துக் கோவை; அதை ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுக்கலாம். மூன்று துண்டு சேர்ந்தால்தான் திறக்கும்.

அதைத்தான் சொன்னேன். லாட்ஜ் பதிவுகளைப் பூட்டும் சாவியும் அதற்குள் போனது. ஆள் வேலையை விட்டால் துண்டுகளைப் புதிதாகப் பிரிக்க வேண்டும் என்று நானே எழுதியும் கொடுத்தேன்.

ஒன்றரை வருடத்தில் மூன்று பேர் போனார்கள். புது ஆள் வந்ததும் சேர்த்துப் பிரிக்கலாம் என்று இருந்தேன். புது ஆள் வரவில்லை.

ஒரு பௌர்ணமி காலையில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. கரண்ட் வந்தபோது பெட்டகம் பூட்டியிருந்தது, லாட்ஜ் பதிவுகளின் சாவியும் உள்ளேயே. கிரிவலத்துக்கு வந்தவர்கள் பையும் பிள்ளைகளுமாக லாட்ஜ் வாசல்களில் நின்றார்கள். யாருக்கு எந்த அறை என்று கவுண்டரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலாளியிடம் ஒரு துண்டு, என்னிடம் ஒன்று. பெங்களூர் போனவனுடையது ஆபீஸ் லேப்டாப்பில் இருந்தது. அவன் போன அன்றே அதை அழித்துச் சுத்தம் செய்தவன் நான். துபாய் போனவன் போனில் சிரித்தான். "வேலையை விட்டா எல்லாத்தையும் டெலிட் பண்ணணும்னு நீதான சுவத்துல ஒட்டி வச்ச."

மீதி ஒருத்தி. பிரசவத்தோடு வேலையை விட்டுக் கீழ்பென்னாத்தூரில் இருந்தாள். பழைய போனில் இருக்கும், தேடி வைக்கிறேன் என்றாள். பஸ் பிடித்துப் போனேன். எதிரே ஊருக்குள் வரும் வேன்களால் சாலை அடைத்துக் கிடந்தது.

நான் போனபோது அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீல டப்பில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமியார்தான் பேசினார்.

"அந்த ஒடஞ்ச போனாப்பா? பழைய போனுக்கு பிளாஸ்டிக் சாமான் குடுக்கறவன் வந்தான், போட்டுட்டேன். செத்த போனுக்கு இம்மாம் பெரிய டப் குடுத்தான், பாரு."

"எந்த ஊர்க்காரருங்க?"

"யாருக்குத் தெரியும். வண்டியில வந்தான், போயிட்டான்."

"ரொம்ப முக்கியமாண்ணா?" என்று அவள் கேட்டாள். பரவாயில்லை என்றேன். குழந்தை தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"வேற வழி?"

"இல்ல சார்."

வேறு வழியே இல்லாததுதான் இந்தப் பெட்டகத்தின் சிறப்பு என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஏழு லாட்ஜுக்கும் நானே போன் செய்து சொன்னேன். ஒரு மேனேஜர் திட்டக்கூட இல்லை. "ரூமுக்குள்ள ஆள் செத்துக் கெடந்தாகூட எங்ககிட்ட இன்னொரு சாவி இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதத்தில் ஏழு லாட்ஜும் விலகின. மாடியைக் காலி செய்தோம். முதலாளி மறுபடி சென்னைக்கு வேலை தேடிப் போனார். கணினியை விற்பதற்கு முன் உள்ளே இருப்பதை அழித்துவிடச் சொன்னார். அழித்தேன். அதற்கு எந்தச் சாவியும் தேவைப்படவில்லை.