ஸ்பானர் தேவைப்படாத சக்கரம்

மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. போன வருடம் மவுண்டன் பைக் வாங்கப் போனபோது நான் ஒன்றை மட்டும்தான் பார்த்தேன். ஸ்பானரே வேண்டாம், ஒரு லிவரைத் திறந்தால் முன்சக்கரம் கையோடு வந்துவிடும். திருட்டுக்குப் பயந்து தினமும் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கலாம். "மாட்டும்போது லிவரைத் திருகினா பத்தாது, அழுத்தி மடக்கணும் லா," என்றார் கடைக்காரர். நான் எங்கே கேட்டேன்! குழாயைத் திருகுவதுபோலத் திருகியே பழகிவிட்டேன்.

ஒரு மத்தியானம் என் ஆறு வயது மகளைக் குளவி கொட்டியது. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. தோட்டத்து லோரிகள் எல்லாம் எண்ணெய் மில்லுக்குப் போயிருந்தன. அவளை முன்பாரில் உட்கார வைத்து கிளினிக்குக்கு மிதித்தேன். வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகையில் ஏற ஹேண்டிலைத் தூக்கியதும் முன்சக்கரம் தனியே கழன்று ஓடியது. இருவரும் மண்ணில் விழுந்தோம். சக்கரத்தை மாட்டப் பார்த்தேன்; அச்சு சரியாக உட்காரவில்லை.

"அப்பா, மூச்சு வரல..."

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு அலறியபடி ஓடினேன். மில்லிலிருந்து காலியாகத் திரும்பிய லோரி ஒன்று எதிரே வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. அது வராதிருந்தால் இதை எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

கிளினிக்கில் ஊசி போட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸர், "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இப்போது லிவரை மடக்கும்போது அதன் தடம் என் உள்ளங்கையில் பதியும்வரை அழுத்துகிறேன். ஏறுமுன் மகள் என் கையை விரித்துப் பார்ப்பாள். தடம் தெரிந்தால்தான் வண்டியில் உட்காருவாள்.