வந்து சேர்ந்தார் என்று அர்த்தம்

சின்னவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். சென்னையில் ரூமில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவனுக்கு கம்பெனியிலிருந்து மெயில் வந்ததாம், ‘அப்ஸ்காண்டிங்’ என்று. "நான் தலைமறைவாயிட்டேனாம்ப்பா" என்று போனில் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு இங்கிலீஷ் வார்த்தை என் தலையிலும் ஒருமுறை ஏறி உட்கார்ந்தது. உங்களிடம் சொன்னதில்லை. அப்பா சிப்பாயாகப் போய் சிப்பாயாகவே திரும்பினார் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்.

பெரியவளே, நீ பிறந்தபோது லீவில் வந்திருந்தேன். நான்காம் நாள் அம்மாவுக்கு ஜன்னி கண்டது. அவள் ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். நீ என் மடியில் கிடந்தாய். டெட்டால் வாடை அடித்தால் இன்றும் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான். லீவை நீட்டிக்கக் கேட்டுத் தந்தி அடித்தேன். பதில் இல்லை. லீவு முடிந்து பத்தொன்பது நாள் ஆயிற்று. அன்றைக்கு எந்தச் சட்டம் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். இதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஊரில், "பட்டாளத்துலேருந்து ஓடியாந்துட்டான்" என்று பேசினார்கள் பாருங்கள், அது வலித்தது. ஓடி வந்தவன் ஆஸ்பத்திரியிலா ஒளிவான்?

அம்மா எழுந்து கஞ்சி குடித்த மறுநாளே டிரங்குப் பெட்டியைத் தூக்கினேன். தானாகப் போய் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகி, தானாக வந்ததாகவே எழுதி வாங்கிக்கொண்டு போனால் தண்டனை குறையும் என்று ரிட்டயர்டு ஹவில்தார் ஒருவர் சொல்லியிருந்தார். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். உங்கள் தாய்மாமன் துணைக்கு வந்தான். விருத்தாசலத்தில் பீங்கான் கப்பு செய்யும் இடத்தில் அவனுக்கு வேலை. ஷிப்டு முடித்து அப்படியே வந்ததால் முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. ஏட்டு டீ குடித்துக்கொண்டிருந்த கப்பைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னான்: "எங்க கப்பு மாமா. காது ஒடஞ்சத கூட வுடலியே இவங்க."

"எங்க வச்சுப் புடிச்சாங்க உன்ன?" என்றார் ஏட்டு.

"புடிக்கலிங்க. நானாதான் வந்தேன்."

"ஆமாங்க ஏட்டையா" என்றான் மாமன். "பஸ்ஸ வுட்டு எறங்கி, ஆளுக்கொரு வடை தின்னுட்டு, வழி கேட்டுதான் வந்தோம்."

"வடை தின்னதெல்லாம் எழுத முடியாதுப்பா."

இங்கிலீஷில் எழுதி நீட்டினார். நான் பத்தாவது பெயில். எழுத்துக் கூட்டிப் படித்தேன், ஒரு நீள வார்த்தையில் நின்றுவிட்டேன். ‘அப்ரிஹெண்டட்.’

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"வந்து சேர்ந்தாருன்னு அர்த்தம். கையெழுத்துப் போடு."

போட்டேன். நன்றியும் சொன்னேன். என்னோடு ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்கள். வழித்துணைக்கு என்று நினைத்து அவருக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தேன். மெட்ராஸில் என்னைப் பட்டாளத்திடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

யூனிட்டில் எங்கள் சுபேதார் காகிதத்தைப் பார்த்தார். அவர் மதுரைப் பக்கம்.

"நீயா போனியா, புடிச்சாங்களா?"

"நானா போனேன் சாப்."

"பிடிபட்டான்னுல்ல எழுதியிருக்கு. கீழ உன் கையெழுத்து வேற."

இருபத்தெட்டு நாள் உள்ளே வைத்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். போகாமல் இருந்தது நான்தானே. ஆனால் பிடிபட்டவன் என்ற எழுத்து என் பதிவேட்டை விட்டுப் போகவில்லை. பிரமோஷன் பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள், மூடுவார்கள். ஓடியவனைப் பிடித்தால் ஸ்டேஷனுக்கு நல்ல பேர். தானாக வந்தவனால் என்ன பேர்? அந்த நல்ல பேருக்காக ஒரு மனுஷன் என்னிடம் முகம் பார்த்துப் பொய் சொன்னார். இத்தனை வருஷத்தில் இந்தக் கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை.

போன வருஷம், அந்த ஒரு வார்த்தையைத் திருத்தித் தருவார்களா என்று கேட்க அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். ஓட்டுக் கட்டடம் இல்லை, மாடி கட்டிவிட்டார்கள். சின்ன வயசு எஸ்.ஐ. அம்மா நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்ளோ பழைய ரெக்கார்டு ஒண்ணும் இல்லிங்க ஐயா, அழிச்சிட்டாங்க" என்றார். ஏட்டு செத்துப் பல வருஷமாம்.

உங்கள் மாமனும் தை மாதம் போய்விட்டான். அன்று நான் என் காலால் நடந்து அந்தப் படியேறியதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.