பின்னிருக்கைகளைப் பொதிந்து வைத்த காலம்

காரை வாங்கியது ஒரு பங்குனி மாதத்தில். மகன் குப்புறக் கவிழப் பழகிக்கொண்டிருந்தான். மகள் எல்.கே.ஜி. முடிக்கும் தறுவாயில் இருந்தாள். ஆப்பிரிக்காவில் ஒரு பனியன் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜராக என் கணவருக்கு வேலை உறுதியாகியிருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். விமானம் ஏறுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு நூல் மில் முதலாளி வைத்திருந்த காரை வாங்கி வந்து நல்லூரில் எங்கள் வாசலில் நிறுத்தினார்.

வண்டி பழையது. இருக்கைகள் அசல் தோல், பிஸ்கட் நிறம். ரெக்சின் இல்லை, அசல் தோல் என்பதை அவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். காலையில் பனியன் வேஸ்ட் துணியை நனைத்துப் பிழிந்து, தையல் ஓரங்களை விரல் நுனியால் துடைப்பார். வெயில் படும் பக்கம் நிறுத்தவே விடமாட்டார். புறப்பட்ட அன்று கார் சாவியை என் கையில் கொடுத்து, "ரெண்டே வருசம் அம்மிணி. சீட்ட மட்டும் பாத்துக்க" என்றார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதை நான் செய்வேன் என்று தெரிந்ததால் சொல்லவில்லை என்று அப்போது எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வேலம்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பகுதிக்கு நான் பொறுப்பு. காலையில் மகளைப் பள்ளியிலும் மகனைக் குழந்தைகள் காப்பகத்திலும் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் இருவரையும் அள்ளிக்கொண்டு வருவேன். பின்னிருக்கையில் அவர்கள் இருவர், ஸ்டியரிங்கில் நான். என் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பை.

குழந்தைகள் இருக்கும் காரில் தோல் இருக்கையைக் காப்பது எப்படி என்று யாராவது கேட்டால் இன்று என்னால் நிறையச் சொல்ல முடியும். பிஸ்கட் தூள் தையலுக்குள் இறங்கினால் பழைய டூத் பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தட்டி எடுக்க வேண்டும். அழுத்தினால் நூல் தேயும். கிரேயான் பட்டால் உடனே துடைக்கக் கூடாது. நிழலில் இறுகவிட்டு நகத்தால் நெம்ப வேண்டும். சின்னவனை வைத்துக் கட்டும் குழந்தை இருக்கைக்கு அடியில் தடிமனான துண்டு போடாவிட்டால் தோலில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் எழும்பாது. எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை.

பட்டதிலேயே மோசமானது நீலக்கறை. கம்பெனியில் ரிஜெக்ட் ஆன கருநீலப் பின்னல் துணியைக் கொண்டுவந்து இருக்கை முழுவதும் இழுத்துப் போர்த்தியிருந்தேன். மகன் பால் புட்டியைக் கவிழ்த்தான். வீட்டுக்கு வந்து துணியை எடுத்தால் பிஸ்கட் நிறத்தின் நடுவே ஏரி மாதிரி ஒரு நீலம். சாயம் போகிறது என்பதற்காகத்தான் அந்தத் துணியையே ரிஜெக்ட் செய்திருந்தார்கள். சாயம் ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார்க்கும் சோதனையை அன்றாடம் பார்க்கிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீடியோவில் அழைப்பார். முதலில் குழந்தைகள். மகள் ஒரு பாட்டுப் பாடுவாள், மகன் போனின் கண்ணாடியில் எச்சில் முத்தம் வைப்பான். அவனுக்கு அப்பா என்றால் கை அகலத்துக்கு இருக்கும் ஒரு முகம். ஒரு வருடம் முடிந்ததும் வரவேண்டிய விடுமுறை, ஆர்டர் நெருக்கடி என்று தள்ளிப்போயிருந்தது. குழந்தைகள் விளையாடப் போனதும் எங்களுக்குள் பேச்சு நின்றுவிடும். சாப்டீங்களா, சாப்டேன். மழையா, இல்லை. அப்போதுதான் அவர், "சீட் எப்படி இருக்குது?" என்பார். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் காரின் பின்கதவைத் திறந்து காட்டுவேன். அவர் குரல் மாறிவிடும். அந்த மூலைய காட்டு, தையல காட்டு என்பார். ஒவ்வொரு மூலையாகக் காட்டுவேன். வேண்டுமென்றே மெதுவாகக் காட்டியதும் உண்டு. அந்த வாரத்தில் எங்களுக்கென்று இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

நீலக்கறையைக் காட்டிய ஞாயிறு அவர் திட்டவில்லை. போனைக் கிட்டக் காட்டச் சொன்னார். பிறகு, பின்னிருக்கைகளைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடும்படியும், தான் வரும்வரை ரெக்சினில் ஏதாவது போட்டு ஓட்டும்படியும் சொன்னார். "நான் வந்தொடனே மாட்டிக்கலாம்" என்றார். அவர் வருவதைப் பற்றி அவராகப் பேசியது மாதக்கணக்கில் அதுதான் முதல் தடவை. கழற்றுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அவர் போன மறுவருடம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காங்கேயம் ரோட்டில் சீட் கவர் தைக்கும் கடைக்கு ஓட்டிப் போனேன். கடைக்காரர் இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல சரக்கை எதற்குக் கழற்றுகிறீர்கள் என்று கேட்டார். குழந்தைகளைக் காட்டினேன்.

"அப்ப இவிய காலேஜ் போனதுக்கப்புறந்தானுங்க மாட்டோணும்," என்றார். "எங்க வேணா வைங்க. எலி மட்டும் பாத்துக்கோங்க."

"அத்தன நாளாகாதுங்க. இவிய அப்பா பங்குனில வந்துருவாங்க."

"வரட்டும் வரட்டும்," என்று போல்ட்டைத் திருகினார்.

மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா சீட்ட எதுக்கும்மா கழட்டுறாங்க?" என்றாள். அது அப்பா சீட் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அன்று சாயங்காலம் மாடி அறையில் அவற்றைப் பொதிந்தேன். போர்க்காலங்களில் அருங்காட்சியகத்து ஓவியங்களைப் பொதிந்து சுரங்கங்களில் ஒளித்து வைத்ததைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அந்த நினைப்பு. சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, துடைத்த கையோடு பெரிய பாலிபேக்குகளுக்குள் நுழைத்தேன். ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நாலு மூலையிலும் போட்டேன். காற்றை அமுக்கி வெளியேற்றி வாயை ஒட்டினேன். கம்பெனி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சுற்றி, மேலே டேப். பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் மாதத்தையும் வருடத்தையும் எழுதினேன். எதை வைத்தாலும் நாள் எழுதி வைப்பது என் பழக்கம். ஊறுகாய் ஜாடிக்கும் எழுதுவேன். மகள் அதன் பக்கத்தில் மீசை வைத்த ஒரு முகம் வரைந்தாள்.

எங்கள் தொழிலில் பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டால் கப்பல் தேதி முடிவாகிவிட்டது என்று அர்த்தம். தேதி தெரியாத சரக்கை யாரும் பெட்டியில் போட்டு மூடமாட்டார்கள், துணி மடிப்பு விழுந்து கெட்டுவிடும். டேப்பை ஒட்டி முடித்து உள்ளங்கையால் தேய்த்தபோது, பங்குனி முடிவாகிவிட்டது போலவே எனக்கு இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. கடையில் அதற்குப் பதிலாகப் போட்டுக்கொடுத்த கறுப்பு ரெக்சின் பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் நன்றாக இருக்கிறது என்றார். அதைத் துடைக்கவும் வேண்டியதில்லை, அதைப் பற்றிப் பேசவும் ஒன்றும் இல்லை. அழைப்புகள் சீக்கிரம் முடிந்தன. ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நின்றது. தீபாவளி வந்து போனது. குழந்தைகளோடு நான் மட்டும் வெடித்தேன். மகனுக்குப் பேச்சு வந்தது. மாடி அறைக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். திறந்து பார்க்கவில்லை. மூடிய பெட்டியைக் காரணமில்லாமல் திறப்பது எங்கள் பேக்கிங் பகுதியில் பெரிய குற்றம்.

மாசியில் ஒரு ஞாயிறு. அவர் குழந்தைகளிடம் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினார். பிறகு என்னிடம், "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"சரின்னுட்டேன்."

பக்கத்து வீட்டுப் பின்னல் மிஷின் ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். பிறகு, பழக்கத்தில், "சீட்டெல்லாம் பத்திரமா இருக்குதல்ல?" என்றார். இருக்குதுங்க என்றேன்.

போனை வைத்ததும் மாடிக்குப் போனேன். பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டதால் பார்க்க வேண்டியிருந்தது. டேப்பைக் கிழித்தேன். அட்டை நன்றாக இருந்தது. பாலிபேக்கின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். வாயைப் பிரித்ததும் மழைக்காலத்துச் செருப்புக் கூடையின் நாற்றம் அடித்தது. பிஸ்கட் நிறத்தின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம், தையலோரம் எல்லாம் அடர்த்தியாக. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஊறிப்போய்க் கிடந்தன.

ஆவி இஸ்திரி போட்ட பனியன் ஆறுவதற்குள் பாலிபேக்கில் போட்டால் பூசணம் பிடிக்கும் என்று, பேக்கிங்கில் சேரும் ஒவ்வொரு ஆளிடமும் தமிழிலும் எனக்குத் தெரிந்த இந்தியிலும் சொல்லுகிறவள் நான். தோலும் ஓலைச்சுவடி மாதிரிதான், காற்று வேண்டும் என்பதும் எங்கோ படித்ததுதான். ஒரு பழைய பருத்தித் துணியைப் போர்த்தி நிழலில் வைத்திருந்தால் போதும். பருத்தித் துணிக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்?

மகள் மேலே வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா சீட் செத்துப்போச்சாம்மா?"

"இல்ல கண்ணு. அழுக்காயிருச்சு."

அவளே போய்ப் பனியன் வேஸ்ட் எடுத்து வந்தாள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த துணியால் பூசணத்தை மொட்டை மாடியில் நான் துடைத்தேன். வினிகரில் தண்ணீர் கலந்து மறுபடி துடைத்து, நிழலில் காற்றாட நிறுத்தி வைத்தேன். அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்து வந்ததும் முதலில் மாடிக்குத்தான் போனேன். பூசணம் போய்விட்டது. அது இருந்த இடங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் தங்கிவிட்டன. நீல ஏரியும் அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவற்றை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் புள்ளிகளைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார்.

"வந்துட்டாருங்களா?"

"இல்லீங்க."

"அப்புறமேன் இப்பவே மாட்டறீங்க? இவிய இன்னும் பெருசாகலீங்களே."

"இதுல உக்காந்தே பெருசாகட்டுங்க," என்றேன். அவர் போல்ட்டுகளைத் தேடி எடுத்தார்.

ஞாயிறு அழைப்பு வந்தபோது நாங்கள் மூவரும் வாசலில் காருக்குள்தான் இருந்தோம். போனைப் பின்பக்கம் திருப்பினேன். மகள் காலை மடக்கி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். மகன் ஒரு கையில் முறுக்கோடு நீல ஏரியின் மேல் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. நான் எதையும் மறைக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"முன்னாடி சீட் எப்படி இருக்குது?" என்றார்.

என் பக்கத்து இருக்கையிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் காட்டினேன். அதில் பள்ளம் இல்லை, கறை இல்லை. மில் முதலாளி உட்கார்ந்த சுருக்கங்கள்கூட விரிந்து போயிருந்தன.

"புதுசாட்டவே இருக்குதுங்க மாமா," என்றேன். "ஆருமே உக்கார்றதில்ல."

அவர் கையை நீட்டித் திரையைத் துடைத்தார். அங்கே தூசியாக இருந்திருக்கலாம். பிறகு மகனைக் கூப்பிடச் சொன்னார். மகன் லாரியை விட்டுவிட்டு, முறுக்கு எண்ணெய்க் கையை அந்தப் பிஸ்கட் நிறத்தில் ஊன்றி முன்னால் தாவினான். நான் துடைக்கப் போகவில்லை.